காதுக்குச் சரியாகப் பட்ட விடைகள்: எஸ்ஏடி ஆங்கில இலக்கணத்தில் ஒரு மாணவியின் தயாரிப்பு

பின்னணி

மாணவி கோயம்புத்தூர்க்காரர். மாநிலப் பாடத்திட்டம், ஆங்கில வழி, முதல் மொழி தமிழ். பதினொன்றாம் வகுப்புத் தேர்வை முடித்த கையோடு ஏப்ரலில் என்னிடம் பயிற்சிக்கு வந்தார். அமெரிக்காவில் இயந்திரப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் அப்பாவுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. அங்கே கல்லூரியில் சேர எழுதும் தேர்வுதான் எஸ்ஏடி. கொரோனா காலத்தில் அதன் மதிப்பெண் கட்டாயமில்லை என்று தளர்த்திய பல்கலைக்கழகங்களில் சில அதை மறுபடி கேட்கத் தொடங்கிவிட்டன. எம்ஐடி 2022இலேயே திரும்பக் கொண்டுவந்தது. மாணவியின் பட்டியலில் இருந்த பர்டியூவும் ஜார்ஜியா டெக்கும் கேட்கின்றன. அதனால் தேர்வு எழுதாமலே விண்ணப்பிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கணக்கு அவருக்குப் பிரச்சினையே இல்லை. ஆங்கிலத்தைப் பற்றியும் வீட்டில் யாருக்கும் கவலை இருக்கவில்லை. பள்ளியில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் வாங்குபவர். அரையாண்டு விடுமுறையில் ஓர் இணையவழிப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார். அங்கே கொடுத்த இலக்கண விதிப் பட்டியலை லேமினேட் செய்து கையோடு கொண்டுவந்திருந்தார்.

தேர்வின் வடிவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியா உட்பட அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச்சிலிருந்து எஸ்ஏடி முழுக்கக் கணினியில்தான் நடக்கிறது. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பிரிவில் 54 கேள்விகள், 64 நிமிடங்கள். அது 27 கேள்விகள் கொண்ட இரண்டு மாட்யூல்களாகப் பிரிந்திருக்கும். முதல் மாட்யூலில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது கடினமானதாகவோ எளிதானதாகவோ வரும். எளிதானது வந்தால் மதிப்பெண் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக ஒரு சின்னப் பத்தி உண்டு. இந்தப் பிரிவில் ஏறக்குறைய கால் பங்கு, அதாவது 11 முதல் 15 கேள்விகள், இலக்கணமும் நிறுத்தக்குறியும். பத்தியில் ஓர் இடத்தில் கோடு விட்டு, அங்கே வர வேண்டியதை நான்கு ஆப்ஷன்களில் ஒன்றாகக் கேட்பார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.

முதல் மாதிரித் தேர்வு

தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலியிலேயே ஒரு முழு மாதிரித் தேர்வை எழுதச் சொன்னேன். கணக்கில் 740, வாசிப்பு எழுத்தில் 560. இலக்கணக் கேள்விகளில் பாதிக்கு மேல் தவறு. வாசிப்புக் கேள்விகளில்தான் சறுக்கியிருப்பார் என்று எதிர்பார்த்த அப்பாவுக்கு இது ஆச்சரியம். இந்த ஊரில் பாடம் எடுக்கும் யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது.

மதிப்பெண்ணைவிட, விடைகளை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் எனக்குத் தேவைப்பட்டது. தவறிய கேள்விகளோடு சரியாகப் போட்ட சிலவற்றையும் கலந்து முன்னால் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுக் காரணம் சொல்லச் சொன்னேன். பெரும்பாலானவற்றுக்கு ஒரே பதில்: "படிச்சுப் பார்த்தா இதுதாங்க மிஸ் சரியா இருக்குது." சரியாகப் போட்டவற்றுக்கும் அதே பதில்தான் வந்தது. சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே காரணம் சொல்லப்படுகிறதென்றால், சரியானவற்றையும் கணக்கில் சேர்க்க முடியாது.

மீதிக் கேள்விகளுக்கு அந்த லேமினேட் தாளிலிருந்து காரணம் வந்தது. "'விச்' வந்தா முன்னாடி கமா." "'பீயிங்' இருந்தா அந்த ஆப்ஷன் தப்பு." "சின்ன ஆப்ஷன்தான் எப்பவும் சரி." மூன்றுமே அரைகுறை. "இன் விச்", "ஆஃப் விச்" என்று வரும் இடங்களில் முதலாவது அடிக்கடி கவிழ்த்துவிடும். மூன்றாவது, சொற்சிக்கனத்தைத் தனியாகச் சோதித்த பழைய தாள் தேர்வின் மிச்சம். இப்போதைய வடிவத்தில் அந்த வகைக் கேள்வியே இல்லை. தேர்வு மாறிய பிறகும் பழைய தாள்கள் நகலெடுக்கப்பட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

இன்னொன்றும் கவனித்தேன். மாட்யூலுக்குள் கேள்விகள் ஒரே வரிசையில்தான் வரும்: முதலில் சொற்பொருளும் பத்தியின் அமைப்பும், அடுத்து கருத்தும் சான்றும், அதற்குப் பிறகு இலக்கணம், கடைசியில் இணைப்புச் சொற்களும் குறிப்புகளைத் தொகுக்கும் கேள்விகளும். சொற்பொருளில் தட்டுத் தடுமாறி நேரத்தைக் கொடுத்துவிட்டு, இலக்கணத்துக்கு வரும்போது அவர் ஓட ஆரம்பித்திருந்தார். ஒரு கேள்விக்குச் சராசரியாக 71 நொடிதான் கிடைக்கும். ஓடும்போது காதைத் தவிர வேறு எதை நம்புவது?

காது எங்கெல்லாம் ஏமாற்றியது

தவறுகளைப் பிரித்துப் பார்த்ததில் பெரும்பகுதி ஓரிடத்தில் வந்து சேர்ந்தது: வாக்கியத்தின் முதன்மை வினை எது என்று அவர் பார்க்கவில்லை. ஒரு கேள்வியைக் காட்டுகிறேன். இது அசல் தேர்வுக் கேள்வி அல்ல. அதே அச்சில் வகுப்புக்காக எழுதியது.

"தி சாம்பிள்ஸ் கலெக்டட் ஃப்ரம் தி லேக்பெட் ____ தட் தி ரீஜன் வாஸ் ஒன்ஸ் எ ஃபாரஸ்ட்."

ஆப்ஷன்கள்: ஏ) சஜெஸ்டிங், பி) சஜெஸ்ட், சி) டு சஜெஸ்ட், டி) ஹேவிங் சஜெஸ்டட்.

மாணவி ஏ போட்டார். "கலெக்டட்"தான் வினை, அதற்குப் பின்னால் "சஜெஸ்டிங்" வந்தால் ஓட்டமாக இருக்கிறது என்றார். ஓட்டம் இருக்கிறதுதான். ஆனால் மாதிரிகள் எதையும் சேகரிக்கவில்லை. யாரோ அவற்றைச் சேகரித்தார்கள். "கலெக்டட்" இங்கே "சேகரிக்கப்பட்ட" என்ற பெயரெச்சம். "வாஸ்" இருக்கிறதே என்றால், அது "தட்"டுக்குப் பிறகு வரும் உள்வாக்கியத்தின் வினை. ஆக, வெளி வாக்கியத்துக்கு இன்னும் முற்று வரவில்லை. நான்கு ஆப்ஷன்களில் முற்றாக நிற்கக்கூடியது "சஜெஸ்ட்" மட்டும்தான். விடை பி.

இப்படி முற்றையும் எச்சத்தையும் கலந்து வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி இந்தத் தேர்வில் திரும்பத் திரும்ப வரும். நிறுத்தக்குறிக் கேள்விகளும் கிட்டத்தட்ட அதே விஷயத்தைத்தான் வேறு வேஷத்தில் கேட்கின்றன: குறிக்கு இந்தப் பக்கம் முழு வாக்கியம் இருக்கிறதா, அந்தப் பக்கம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் முழு வாக்கியமென்றால் வெறும் காற்புள்ளி போதாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், அல்லது காற்புள்ளியோடு "அண்ட்", "பட்" போன்ற ஒரு சொல் வேண்டும். தமிழில் "மழை கொட்டியது, பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்கும் வந்திருந்தது.

எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள ஒருமை பன்மைப் பொருத்தத்தில் தவறுகள் குறைவு, ஆனால் சுவாரசியமானவை. மனிதர்கள் எழுவாயாக வந்தால் மாணவி தவறவே இல்லை. பாறைகள், செல்கள், ஓவியங்கள் என்று அஃறிணைப் பன்மை வந்து, நடுவில் நீளமாக ஒரு தொடரும் குறுக்கிட்டால் ஒருமை வினையைப் போட்டுவிடுவார். பேச்சில் நாம் "பழங்கள் அழுகிவிட்டது", "புத்தகங்கள் வந்தது" என்று சொல்கிறவர்கள்தானே. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "அழுகிவிட்டன" என்று திருத்திக் கேட்டதும் அவருக்கு உடனே விளங்கியது.

உடைமைக் குறி வேறு ரகம். "இட்ஸ்" என்பதை மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) போட்டாலும் போடாவிட்டாலும் உச்சரிப்பு ஒன்றுதான். காதை நம்புகிறவருக்கு அங்கே பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஆங்கில இலக்கணத்தைத் தமிழ் இலக்கணப் பெயர்களில் பேசுவது. "பார்ட்டிசிபிள்", "ஜெரண்ட்" என்பவை அந்தத் தாளில் இருந்ததால் மாணவிக்கு மனப்பாடம். ஆனால் வாக்கியத்தில் கண்ணால் பார்த்துப் பிரிக்கத் தெரியவில்லை. அதே மாணவி "வந்தான், வந்த, வந்து" என்று மூன்றைச் சொன்னால் மூச்சு விடுவதற்குள் முற்று, பெயரெச்சம், வினையெச்சம் என்று பிரித்துவிடுவார். "வந்த" என்று நிறுத்தினால் வாக்கியம் முடியவில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழ் வகுப்பிலிருந்து கைவசம் இருக்கும் இந்த அறிவைப் பயன்படுத்தாமல் புதிதாக இன்னொரு கலைச்சொல் பட்டியலைத் தலையில் ஏற்றுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

பொருந்தாத இடங்களையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். தமிழில் முற்றும் எச்சமும் வடிவத்திலேயே வேறுபடும். ஆங்கிலத்தில் "கலெக்டட்" முற்றாகவும் நிற்கும், எச்சமாகவும் நிற்கும். எழுவாய்தான் அதைச் செய்ததா என்று கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். "அவர் ஆசிரியர்" என்று வினையே இல்லாமல் தமிழில் வாக்கியம் முடியும், ஆங்கிலத்தில் முடியாது. "இங்" என்று முடியும் சொல் முன்னால் துணைவினை இல்லாமல் ஒருபோதும் முற்றாகாது. இவை மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். லேமினேட் தாள் பைக்குள் போனது.

தொங்கி நிற்கும் அடைத்தொடர்களுக்கு இந்த வழி மிக நன்றாகப் பொருந்தியது. "யூசிங் எ ரேடியோ டெலிஸ்கோப்" என்று வாக்கியம் தொடங்கி, காற்புள்ளிக்குப் பிறகு கோடு. செய்தி, 1967இல் ஜோசலின் பெல் துடிவிண்மீனின் சமிக்ஞையைக் கண்டது. ஆப்ஷன்களில் ஒன்று "சமிக்ஞை கண்டறியப்பட்டது" என்று தொடங்கும், ஒன்று "ஜோசலின் பெல்லின் கண்டுபிடிப்பு" என்று தொடங்கும், ஒன்று "ஜோசலின் பெல்" என்றே தொடங்கும். அறிவியல் என்றால் செயப்பாட்டு வினை என்று பள்ளியில் பழகியிருந்ததால் மாணவி முதலாவதைப் போட்டார். "செய்து" வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும் என்பது அவர் படித்த விதிதான். பயன்படுத்தியது யார்? பெல். அப்படியென்றால் காற்புள்ளியை அடுத்து பெல் வந்தாக வேண்டும். அவருடைய கண்டுபிடிப்பு வந்தாலும் ஆகாது. "தொலைநோக்கியைப் பயன்படுத்திக் கண்டுபிடிக்கப்பட்டது" என்று நம் நாளிதழ்களில் தினமும் வருகிறதே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாளிதழ் எழுதலாம், எஸ்ஏடி விடாது என்று சொல்லி அந்த விவாதத்தை அத்தோடு முடித்துக்கொண்டோம்.

இரண்டாவது முடிவு, ஆப்ஷன்களை மறைத்துவிட்டுத் தொடங்குவது. வீட்டில் பயிற்சி செய்யும்போது கேள்வியைத் திறந்ததும் ஆப்ஷன்கள் மேல் ஓர் அட்டையை வைத்துவிட வேண்டும். பத்தியை மட்டும் படித்து, முற்று எங்கே, அதற்கு எழுவாய் எது, கோட்டுக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அட்டையை எடுக்க வேண்டும். ஆப்ஷன்களை முதலில் பார்த்தால் நான்கையும் மாற்றி மாற்றிக் காதில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். அதைத் தடுக்க அட்டையைவிடச் சுலபமான வழி தெரியவில்லை.

மூன்றாவது, காரண நோட்டு. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான ஆப்ஷன் ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் போயின என்றும் எழுத வேண்டும். நடை பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மே மாதப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது: "முற்று ஏற்கனவே இருக்கு, 'ஷோ'. அதனால பி, சி ரெண்டும் போச்சு. டி-ல அரைப்புள்ளி, பின்னாடி முழு வாக்கியம் இல்ல, வெறும் பேர் மட்டும். போச்சு. ஏ." விடை ஏ தான்.

நான்காவது முடிவில்தான் வீட்டோடு கொஞ்சம் இழுபறி. இப்படிச் செய்தால் ஒரு நாளைக்குக் கொஞ்சம் கேள்விகள்தான் முடியும். அப்பா போனில் கேட்டார்: "ஏனுங்க மேடம், தினமும் அம்பது கேள்வி போட்டுப் பழகினா ஆகாதுங்களா? கணக்குக்கு அப்படித்தானுங்களே பண்ணுச்சு பாப்பா." கணக்கில் விடை தவறினால் எந்த வரியில் தவறினோம் என்று திரும்பிப் பார்க்க வரிகள் இருக்கின்றன, இங்கே காதால் போட்ட விடைக்கு அப்படித் திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை, ஐம்பது போட்டாலும் அதே காதுதான் ஐம்பது முறை ஓடும் என்று விளக்கினேன். முழுசாக ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் தேர்வு வரை பார்ப்போம் என்றார்.

முழு மாதிரித் தேர்வுகளையும் நிறுத்தி வைத்தோம். ப்ளூபுக்கில் இருப்பவை சிலதான். பயிற்சிக்கென்று எரித்துவிட்டால் கடைசியில் அளந்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பதிலாக, காலேஜ் போர்டு இலவசமாகத் தரும் கேள்வி வங்கியிலிருந்து எடுத்தோம். பகுதி, திறன், கடினம் என்று வடிகட்டி எடுக்கலாம். மாதிரித் தேர்வுகளில் இருக்கும் கேள்விகளை விலக்கும் வசதியும் அதில் உண்டு. பலர் அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுவிட்டு, பிறகு மாதிரித் தேர்வில் தெரிந்த கேள்விகளைப் பார்த்து மதிப்பெண் ஏறிவிட்டதாக மகிழ்கிறார்கள்.

மே முதல் ஜூலை வரை

முதல் சில வாரங்கள் வேகம் படுத்துவிட்டது. ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூட ஆனது. மாணவி சோர்ந்துபோனார், அம்மாவிடம் புலம்பினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கடிகாரத்தை ஜூன் இறுதிவரை வெளியே எடுப்பதில்லை என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூன் நடுவில் நோட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. காரணங்கள் சின்னதாகின. "ரெண்டு முற்று, நடுவில் ஒண்ணும் இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். வேகமும் அங்கிருந்துதான் திரும்பி வந்தது.

முக்காற்புள்ளியும் இடைக்கோடும் சுலபமாகப் போயின. முக்காற்புள்ளிக்கு முன்னால் முழு வாக்கியம் வேண்டும், பின்னால் என்ன வேண்டுமானாலும் வரலாம் என்ற ஒன்றே பாதிக் கேள்விகளை முடித்துவிடும். இடைச்செருகலைக் காற்புள்ளியில் தொடங்கினால் காற்புள்ளியில் மூட வேண்டும், இடைக்கோட்டில் தொடங்கினால் இடைக்கோட்டில் மூட வேண்டும்.

பெயருக்கு முன்னால் வரும் அடையில் பள்ளிப் பழக்கம் குறுக்கே வந்தது. "அமெரிக்கன் நாவலிஸ்ட் டோனி மாரிசன்" என்பதில் காற்புள்ளியே கூடாது. "நாவலாசிரியர் டோனி மாரிசன்" என்று தமிழில் எழுதுவது போலத்தான். ஆனால் பெயர் வந்தாலே இரண்டு பக்கமும் காற்புள்ளி போட வேண்டும் என்று அவருக்குள் எங்கிருந்தோ ஏறியிருந்தது. "ஆன் அமெரிக்கன் நாவலிஸ்ட்" என்று முன்னால் ஒரு "ஆன்" சேர்ந்தால்தான் காற்புள்ளிகள் வரும் என்று ஜோடி ஜோடியாகக் காட்டிய பிறகு சரியானது. இந்த ஓர் இடத்தில் மட்டும் காது சரி, படிப்புதான் தவறு.

ஜூலையில் நேரம் வைத்துப் பார்த்தபோது வரிசை பற்றிய முடிவை எடுத்தோம். ஒரே மாட்யூலுக்குள் எந்தக் கேள்விக்கும் தாவலாம், திரும்பியும் வரலாம், ப்ளூபுக் தடுக்காது. அதனால் மாட்யூல் திறந்ததும் இலக்கணக் கேள்விகள் தொடங்கும் இடத்துக்கு நேராகப் போய், அங்கிருந்து கடைசிவரை முடித்துவிட்டு, பிறகு முதல் கேள்விக்கு வருவது என்று வைத்துக்கொண்டார். காரணம் எளிது. இலக்கணக் கேள்வியை ஒரு முறை முற்று பார்த்து முடித்தால் முடிந்தது. சொற்பொருள் கேள்வி எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தின்னும். பத்தியைச் சரசரவென்று படிக்கக்கூடிய மாணவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை, அவர்களுக்குத் தேவையும் இல்லை.

ஆகஸ்ட் தேர்வு

வாசிப்பு எழுத்தில் 620, கணக்கில் 770. எந்தக் கேள்வி தவறு என்று உண்மையான தேர்வில் சொல்ல மாட்டார்கள். பகுதிவாரியாக எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பட்டைகளை மட்டும் காட்டுவார்கள். இலக்கணப் பட்டை ஏறக்குறைய நிரம்பியிருந்தது. சொற்பொருளும் அமைப்பும் சேர்ந்த பட்டை பாதியில் நின்றது.

இரண்டாவது மாட்யூல் மாதிரித் தேர்வில் பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது என்று சொன்னார். அது நல்ல செய்திதான், முதல் மாட்யூலைச் சரியாகச் செய்ததால் வந்தது. ஆனால் அங்கே இலக்கணத்திலும் ஒரு வகை அவரைத் தடுத்திருக்கிறது: "ஹவ்எவர்" அரைப்புள்ளிக்கு முன்னாலா, பின்னாலா?

இந்த வகைக்கு ஓர் உதாரணம். ஆரம்பகால விமர்சகர்கள் ஒரு படத்தைக் கரடுமுரடானது என்று ஒதுக்கினார்கள் என்பது முதல் வாக்கியம். பிற்கால ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று அடுத்தது தொடங்கி, அதன் படத்தொகுப்பு காலத்தை மிஞ்சியது என்று முடிகிறது. "டிஸக்ரீட், ஹவ்எவர்; இட்ஸ்" என்று ஓர் ஆப்ஷன். "டிஸக்ரீட்; ஹவ்எவர், இட்ஸ்" என்று இன்னொன்று. நிறுத்தக்குறி விதிப்படி இரண்டுமே சரி. முற்று பார்க்கும் முறை இங்கே உதவாது, இரண்டிலும் முற்றுகள் ஒழுங்காகவே இருக்கின்றன. யாருக்கும் யாருக்கும் முரண்பாடு என்று பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் மறுத்தது முந்தைய வாக்கியத்தின் விமர்சகர்களை. படத்தொகுப்பு பற்றிய பகுதி அந்த மறுப்புக்கு விளக்கம்தான், அதற்கு முரண் இல்லை. எனவே "ஹவ்எவர்" அரைப்புள்ளிக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும்.

செப்டம்பரும் அக்டோபரும்

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பில் அதை ஒதுக்கிவிட்டு எஸ்ஏடி பார் என்று சொல்ல முடியாது. பள்ளி மதிப்பெண்ணும் விண்ணப்பத்தோடு போக வேண்டும். கிடைத்த நேரத்தை இரண்டுக்கு மட்டும் கொடுத்தோம். ஒன்று மேலே சொன்ன "ஹவ்எவர்" வகை. அதற்குக் காரண நோட்டில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்தது: "எதுக்கு எதிரா?" மற்றது சொற்பொருள். பத்தியின் சொற்களையே கொண்டு கோட்டுக்கான சொல்லைத் தன் வார்த்தையில், தமிழிலேயேகூட, முதலில் எழுதிவிட்டு ஆப்ஷன்களைப் பார்ப்பது. அட்டை மறுபடி வேலைக்கு வந்தது. ஆனால் ஆப்ஷனில் இருக்கும் சொல்லே தெரியாவிட்டால் அட்டை என்ன செய்யும்?

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, மிச்சம் வைத்திருந்த முழு மாதிரித் தேர்வுகளில் ஒன்றை எழுதினார். இலக்கணத்தில் ஒரே ஒரு தவறு, அதுவும் மேற்குறியை வேகத்தில் பார்க்காமல் விட்டது.

அக்டோபரில் வாசிப்பு எழுத்து 660, கணக்கு 780. மொத்தம் 1440. இலக்கணப் பட்டை முழுசாக நிரம்பியிருந்தது. சொற்பொருள் பட்டை ஆகஸ்டைவிட ஏறியிருந்தாலும் முழுசாகவில்லை. 700ஐ எதிர்பார்த்திருந்த அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். மாணவிக்கு இல்லை. டிசம்பரில் இன்னொரு முறை எழுதலாமா என்று பேசினோம். அரையாண்டுத் தேர்வும் விண்ணப்பக் கட்டுரைகளும் அதே நேரத்தில் வருவதால் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். சேர்க்கை முடிவுகளை இங்கே எழுதவில்லை. அதில் கட்டுரை, பள்ளி மதிப்பெண், கட்டணம் கட்டும் வசதி என்று பல சேர்ந்திருக்கும், இலக்கணக் கேள்விகளின் பங்கை அதிலிருந்து பிரித்தெடுக்க வழி இல்லை.

இனி மாற்றிச் செய்பவை

சொல்வளத்துக்கான வாசிப்பு ஏப்ரலிலேயே தொடங்கும். இலக்கணத்தைச் சில மாதங்களில் நேர் செய்துவிடலாம் என்பது இந்த மாணவியிடம் தெரிந்தது. சொற்கள் அப்படி வராது, அவை மெதுவாகத்தான் சேரும். அறிவியல், வரலாறு, கலை என்று கலந்த சின்னக் கட்டுரைகள் தினம் ஒன்று என்று இப்போது வருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுகிறேன். சொற்பட்டியல் மனப்பாடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வு கேட்பது பத்திக்குள் சொல் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான்.

"ஹவ்எவர்" வகையைக் கடைசிக்குத் தள்ளாமல் நிறுத்தக்குறிப் பாடத்தோடு சேர்த்தே காட்டுவது இரண்டாவது மாற்றம். முற்றுகளை மட்டும் எண்ணினால் போதும் என்ற எண்ணம் படிந்துவிடுவதற்கு முன்னால், விதி இரண்டு ஆப்ஷன்களையும் அனுமதித்து அர்த்தம் மட்டும் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றையாவது மாணவர் பார்த்திருக்க வேண்டும்.

தமிழ்வழிப் பெயர்கள் எல்லாருக்கும் பொருந்தா. இந்த ஆண்டு வந்திருக்கும் ஒரு மாணவர் சிபிஎஸ்இ, இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தவர். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் பெயரெச்சம் என்றால் விழிக்கிறார். அவருக்கு ஆங்கிலப் பெயர்களிலேயே போகிறோம், அட்டையும் நோட்டும் மட்டும் அப்படியே. மாணவியின் தம்பி பத்தாம் வகுப்பு. அவருக்கும் இப்போதே தொடங்கலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். பொதுத்தேர்வு முடியட்டும், அதுவரை தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.